சேலத்துக்குப் புதிதாகக் குடிவருபவர் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் எப்படித் தெரிந்துகொள்வது?

வேலை மாறுதலில் சேலம் வருகிறீர்கள், இரண்டு மூன்று வருடமாவது இருப்பீர்கள், ஏற்காட்டின் பெயரைத் தவிர எதுவும் தெரியாது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மலைகளிலிருந்து தொடங்குங்கள். கூகுள் மேப்பை நம்பி இந்த ஊருக்குள் சுற்றினால் ரவுண்டானாவும் மேம்பாலமும்தான் மனதில் நிற்கும், ஊர் நிற்காது.

சேலம் ஒரு கிண்ணம். வடக்கே நகரமலை, வடகிழக்கில் அதைவிட உயரமாகச் சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவிலும் சின்னச் சின்னக் கரடுகள் உண்டு. வீடு பார்த்ததும் முதல் வேலையாக, காலை வெயில் ஏறுமுன் மொட்டை மாடிக்குப் போய் இந்த ஐந்தையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதன்பிறகு எந்தத் தெருவில் நின்றாலும் திசை தப்பாது. ஊரைவிட்டு வெளியே போகும் சாலைகள் எல்லாம் இந்த மலைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில்தான் போகின்றன. ஓமலூர், தர்மபுரி வழியாக பெங்களூரு போவது வடமேற்கு. அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டை போவது கிழக்கு. சீலநாயக்கன்பட்டி, மல்லூர், ராசிபுரம் வழியாக நாமக்கல் போவது தெற்கு. கொண்டலாம்பட்டி, சங்ககிரி வழியாக கோவை போவது தென்மேற்கு. இவை போக, அயோத்தியாப்பட்டணத்தில் பிரிந்து மஞ்சவாடி கணவாய் வழியாக அரூர் போகும் சாலை ஒன்று. ஒவ்வொரு சாலையிலும் ஒரு தொழில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மாவட்டம் முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் ஊருக்குள் ஏற்படும் குழப்பங்கள். பஸ் ஸ்டாண்ட் இரண்டு. மெய்யனூரில் இருப்பது புது பஸ் ஸ்டாண்ட். வெளியூர் பஸ்கள் அங்கிருந்துதான், ஏற்காடு பஸ்ஸும் மேட்டூர் பஸ்ஸும் உட்பட. பழைய பஸ் ஸ்டாண்ட் கோட்டைப் பகுதியில் இருக்கிறது. டவுன் பஸ்கள் அங்கிருந்து கிளம்பும். அதை இப்போது ஈரடுக்காகக் கட்டியிருப்பதால், முதல் நாள் உங்கள் பஸ் எந்தத் தளத்தில் நிற்கும் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை.

ரயில் நிலையத்தில் இதைவிட அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சேலம் ஜங்ஷன் (குறியீடு எஸ்.ஏ.) சூரமங்கலத்தில். சென்னை, கோவை, பெங்களூரு ரயில்கள் பெரும்பாலும் இங்கே. சேலம் டவுன் (எஸ்.எக்ஸ்.டி.) விருத்தாசலம் போகும் பாதையில், ஊருக்கு உள்ளே. ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் ரயில் இரண்டிலும் நிற்கும். அம்மாப்பேட்டை, குகை பக்கம் வீடு என்றால் டவுனில் ஏறி இறங்குவது மிக வசதி. முன்பதிவில் ஏறுமிடம் எது என்று மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கரூர் பாதை 2013-ல் திறந்தபிறகு ராசிபுரம், நாமக்கல்லுக்கும் ரயிலில் போகலாம்.

ஐந்து ரோடு, நாலு ரோடு என்று வழி சொல்வார்கள். இரண்டும் வேறுவேறு இடங்கள், அதிக தூரமும் இல்லை. ஐந்து ரோட்டின் மேலே 2020-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் போகிறது. பாலத்தின் ஒரு கிளையைத் தவறிப் பிடித்தால் நீங்கள் குரங்குச்சாவடி பக்கமோ வேறு எங்கோ போய்த்தான் இறங்குவீர்கள், நடுவில் திரும்ப வழியில்லை. முதல் சில நாள் கீழே உள்ள சாலையிலேயே போய் வழி பழகுவது நல்லது.

வீடு பார்க்கும்போது பேட்டைகளின் தொழிலைத் தெரிந்துகொண்டு பாருங்கள். அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை, தாதகாப்பட்டி எல்லாம் நெசவுப் பகுதிகள். கைத்தறி குறைந்து விசைத்தறி வந்துவிட்ட தெருக்களில் பக்கத்துச் சுவர் இரவிலும் அதிரும். பகலில் வீடு பார்க்கப் போனால் தெருச் சத்தத்தில் அது தெரியாது. இரவு ஒன்பதுக்கு மேல் ஒருமுறை போய்ச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்தில் வெள்ளிப் பட்டறைகள் அதிகம், சில சந்துகளில் திராவக நெடி இருக்கும். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி அமைதியான பகுதிகள், வாடகையும் அதற்கேற்பக் கூடும். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமோ அரசு பொறியியல் கல்லூரியோ உங்கள் வேலை இடம் என்றால் ஜங்ஷனுக்கு வடக்கே பாருங்கள். உருக்காலை என்றால் சூரமங்கலத்துக்கு மேற்கே. வேலை கோட்டைப் பக்கம், அதாவது கலெக்டர் ஆபீஸ், மாநகராட்சி, அரசு மருத்துவமனை என்றால் காலை நெரிசலில் அங்கே போய்ச் சேருவதற்கு ஆகும் நேரத்தை நீங்களே ஒரு வேலை நாளில் போய்ப் பாருங்கள். மாநகராட்சி நான்கு மண்டலங்கள்: சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி. உங்கள் வீடு எந்த மண்டலம், எத்தனையாவது வார்டு என்பதை ஒப்பந்தம் போடும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். குடிநீர், குப்பை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது அதைத்தான்.

தண்ணீர் விஷயத்தில் மூன்று கேள்விகள் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? அதைப் பிடித்துவைக்க நிலத்தடித் தொட்டி இருக்கிறதா, எத்தனை லிட்டர், எத்தனை குடும்பத்துக்குப் பொது? போர் தண்ணீர் எப்படி? சேலத்துக்குக் குடிநீர் மேட்டூர் பக்கமிருந்து குழாயில் வருகிறது. எல்லாப் பகுதியிலும் தினமும் வராது. நான்கு பேர் குடும்பத்துக்குச் சமையலுக்கும் குடிக்கவும் மட்டும் தினம் முப்பது லிட்டர் என்று வைத்துக்கொண்டு, இடைவெளி நாள்களால் பெருக்கிப் பாருங்கள். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

மழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்தின் மழை சென்னை மழை போல நாள்முழுக்க ஊற்றாது. மே மாதத்திலிருந்தே மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இது அதிகம். சேர்வராயன் சரிவிலும் ஊருக்குள்ளும் பெய்வது எல்லாம் குறுகிய நேரத்தில் தாழ்வான இடங்களுக்கு இறங்கும். நாலு ரோடு, பச்சப்பட்டி, கிச்சிப்பாளையம் நாராயண நகர் பக்கம் தண்ணீர் தேங்குவதற்கு அதுதான் காரணம். சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாறு ஊருக்குள் நுழைந்ததும் சாயக்கழிவும் சாக்கடையுமாகிவிடுகிறது. ஆற்றை இப்படி விட்டுவிட்டது இந்த ஊரின் பெரிய இழப்பு என்றே சொல்வேன். வீட்டுச் சுவரில் வெளிப்புறம் முழங்கால் உயரத்தில் கறைக்கோடு ஓடுகிறதா, வாசற்படி புதிதாக உயர்த்திக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தரகரைவிட அந்தக் கோடு உண்மை பேசும்.

சந்தைகள். காய்கறிக்குச் சூரமங்கலம், அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி உழவர் சந்தைகள். காலை ஏழு மணிக்குள் போனால் மலையடிவாரக் கீரையும் நாட்டுக்காயும் கிடைக்கும், ஒன்பதுக்கு மேல் மிச்சம்தான். அரிசி, பருப்பு, வெல்லம் மொத்தமாக வாங்க செவ்வாய்ப்பேட்டை லீ பஜார். பூவுக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வ.உ.சி. மார்க்கெட்.

கொலுசு வாங்காமல் சேலத்தைவிட்டுப் போனவர் குறைவு. ஒரு கொலுசு ஒரே பட்டறையில் முடிவதில்லை. ஓரிடத்தில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள், இன்னோரிடத்தில் பூ அடிப்பார்கள், அடுத்த வீட்டில் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள், சலங்கை கோப்பது ஒருவர், மெருகு போடுவது ஒருவர். பற்றவைக்கும் பொடியில் வேறு உலோகம் கலந்திருப்பதால், பற்றவைப்பு அதிகமுள்ள கொலுசு வெள்ளிக்கட்டியின் தூய்மைக்கு வராது. ஆகவே கடையில் கேட்க வேண்டியது: எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை அளவு)? கூலி கிராமுக்கா, ஜோடிக்கா? திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள்? எடை, டச், கூலி மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். சலங்கையை உள்ளங்கையில் வைத்து விரலால் நெருடிப் பாருங்கள். மெல்லிய தகடு என்றால் நெளியும், அது ஒரு வருடம் தாங்காது.

மாம்பழம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் வரை. சேலம் குண்டு, செந்தூரா, இமாம் பசந்த், நடுசாலை, பெங்களூரா, பின்னால் வரும் மல்கோவா. வரகம்பாடி, குப்பனூர், அயோத்தியாப்பட்டணம் பக்கத் தோப்புகளிலிருந்து வருபவை நல்லவை. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் முழுக்க ஒரே மஞ்சளாக இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் வாசனை இருக்காது, காம்படி கல்லாக இருக்கும். மல்கோவா பழுத்தாலும் பச்சை முழுசாகப் போகாது. அதன் நிறத்தைப் பார்க்காமல் தோள் பக்கம் மெதுவாக அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

மாலையில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட். இரண்டு சின்னத் தட்டுவடை; ஒன்றின்மேல் சிவப்புக் காரச் சட்னி, இன்னொன்றில் பச்சைச் சட்னி; நடுவில் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் பொடி வெங்காயமும். ஈரம் பட்டதும் தட்டுவடை ஊற ஆரம்பிக்கும் என்பதால் வண்டி அருகிலேயே நின்று உடனே ஒரே வாயில் போட வேண்டும். பார்சல் வாங்கினால் சட்னியையும் துருவலையும் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்து தருவது நொறுக்கல். காரம் வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி வெளியே. எல்லோரும் முதல் ஞாயிறே ஏற்காடு ஏறுவார்கள். நீங்கள் மேற்கே போங்கள்.

கஞ்சமலை இரும்புத்தாது மலை. அடிவாரச் சித்தர் கோயிலுக்கு அமாவாசையில் கூட்டம் அலைமோதும், மற்ற நாள்களில் நிம்மதியாகப் பார்க்கலாம். ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோய் ஓடை மணலில் புரட்டிப் பாருங்கள், கரிய துகள்கள் மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும். அது மேக்னடைட். பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் செய்துகாட்டுங்கள். பக்கத்து இளம்பிள்ளை சேலை மொத்த வியாபார ஊர். சில்லறையாகவும் தருகிற கடைகள் உண்டு, ஆனால் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் மொத்த வியாபாரிகளுக்குத்தான் முதலிடம்.

அங்கிருந்து தாரமங்கலம். கைலாசநாதர் கோயிலுக்கு அவசரமில்லாமல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கெட்டி முதலிகள் கட்டிய கோயில். தூண் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது. விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது, ஏனென்றால் அதே கல்லை உள்ளுக்குள்ளேயே குடைந்து செதுக்கியது. இன்னொரு இடத்தில் ராமன் மறைந்து நின்று அம்பு தொடுக்கும் தூண். ராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். இரண்டு தூணுக்கும் நடந்து நடந்து பார்த்தால்தான் சிற்பி கணக்குப் போட்ட கோணம் புரியும். வெளியூர்க்காரர்கள் தாரமங்கலத்தை விட்டுவிட்டு ஏற்காடு ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையில் போய்விடுங்கள்.

மேட்டூர் சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 1934-ல் முடிந்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. போகுமுன் அன்றைய நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பாருங்கள், தினமும் வரும். 120-ஐத் தொட்டு உபரிநீர் திறந்தால் 16 கண் மதகு பக்கம் காட்சி; அன்று கூட்டமும் போலீஸ் தடுப்பும் இருக்கும், ஆற்றில் இறங்கக் கூடாது. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறப்பது மரபு, தண்ணீர் இருப்பைப் பொறுத்து மாறும். நீர்மட்டம் மிகவும் இறங்கிய வருடத்தில் பண்ணவாடி போங்கள். அணை கட்டியபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். எடப்பாடி வழியாகத் திரும்பினால் பூலாம்பட்டியில் படகேறி காவிரியைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டை போகலாம். கரை தாண்டினால் ஈரோடு மாவட்டம். வெள்ள நாள்களில் படகு ஓடாது.

வடக்கே ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. சனி ஞாயிறு தவிர்த்து வார நாளில், காலை எட்டுக்குள் அடிவாரம் தாண்டிவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவில் எதிரே பஸ் வந்தால் அது அகலமாகத்தான் திரும்பும், நீங்கள் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்க வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியர். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் பாடம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பிடிப்பு குறைவு. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடி விட்டுவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள், பாதி வழியில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். இன்னொரு பாதை குப்பனூர் வழி. கூட்டம் குறைவு, வளைவுகள் வேறு மாதிரி. கோடை விழா நாள்களில் ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று போலீஸ் மாற்றிவிடுவதும் உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கிளியூர் அருவி மழைக்காலத்துக்குப் பிறகுதான் அருவி, ஏப்ரலில் போனால் வெறும் பாறை. ஏற, இறங்க நேரமில்லாத நாளில் கன்னங்குறிச்சி மூக்கனேரி போதும். ஊர்க்காரர்கள் சேர்ந்து மீட்டெடுத்த ஏரி, நடுவில் மண் திட்டுகளில் மரங்கள், விடியற்காலையில் பறவைகள். அங்கிருந்து திரும்பும்போது ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு நிற்கிறது. 1935-ல் தொடங்கிய சினிமா ஸ்டூடியோவில் இப்போது மிஞ்சியது அதுதான்.

பெங்களூரு சாலையில் வெள்ளை வெளேர் என்று மேடுகள் தெரிந்தால் அது வெள்ளைக்கல் சுரங்கம், மேக்னசைட். உருக்கு உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய இது வேண்டும். ரயிலில் ஓமலூர் பக்கம் போனால் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு நிலையம் வரும். அதே சாலையில் தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் விபத்துக்குப் பெயர்போனது. எரிபொருள் மிச்சம் என்று லாரிகள் நியூட்ரலில் இறங்கி பிரேக் பிடிக்காமல் போவதுதான் பெரும்பாலும் காரணம். உங்கள் பின்னால் லாரி நெருங்கினால் வழிவிட்டுவிடுங்கள், அதற்கு முன்னாலேயே போக நினைக்காதீர்கள்.

கிழக்கே ஆத்தூர் சாலை குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சாலை. கிழங்கு வரத்து உள்ள மாதங்களில் சேகோ ஆலைகளின் களங்களில் வெள்ளையாகக் காய்ந்துகிடப்பது ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும். விற்பனைக்கு 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்திலேயே இருக்கிறது. புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-ல் எழுந்த 146 அடி முத்துமலை முருகன் சிலைக்கு எல்லோரும் போவார்கள். அதோடு திரும்பிவிடாமல் ஆத்தூர் தாண்டித் தலைவாசல் காய்கறி மார்க்கெட், தியாகனூரில் அமர்ந்த புத்தர் சிலைகள், ஆறகளூர் காமநாதீஸ்வரர் கோயில் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆறகளூரில் தேய்பிறை அஷ்டமி அன்று பைரவருக்குக் கூட்டம் அதிகம்.

தெற்கிலும் தென்மேற்கிலும் லாரி உலகம்: சங்ககிரி, நாமக்கல். திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர். சங்ககிரிக் கோட்டை ஏறக் காலை ஏழுக்குத் தொடங்குங்கள். மேலே தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்டது இங்கேதான். ஆடிப்பெருக்கு நாளில் அவர் நினைவுக்குப் பெருங்கூட்டம் வரும். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டில் கை பழகியபிறகு போங்கள், ஆகாயகங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளைத் திரும்ப ஏற வேண்டும் என்பதை இறங்குமுன் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் ஊரிலேயே இருங்கள். கோட்டை மாரியம்மனும் மற்றப் பேட்டைகளின் மாரியம்மன்களும் ஒரே சமயத்தில் பண்டிகை காண்பார்கள். போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கார் எடுத்துப் போக முடியாது. குகையில் நடக்கும் வண்டி வேடிக்கையில் தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள். இருட்டுமுன் போய்ச் சாலையோரத்தில் இடம் பிடித்தால்தான் பார்க்க முடியும். பிள்ளைகளோடு போனால் வண்டியை அன்னதானப்பட்டி பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.